பொருள் பிறந்த நாடு எது? – இறக்குமதி வரிச் சலுகையும் நம் பொறுப்பும்



நம் வீடுகளில் பலருக்கு வியாபாரம்தான் பிழைப்பு. கொழும்பிலிருந்து மிளகும் கிராம்பும், வியட்நாம், தாய்லாந்திலிருந்து வீட்டுச் சாமான்களும், வளைகுடாவிலிருந்து பேரீச்சம்பழமும் வரவழைத்து விற்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சரக்கை மொத்தமாக வாங்கிக் கடையில் விற்பவர்கள் அதைவிட அதிகம். படித்து முடித்த பிள்ளைகளும் இப்போது சொந்தமாக இறக்குமதி செய்ய ஆர்வம் காட்டுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு காகிதம் பல குடும்பங்களைக் கடனில் தள்ளிவிடக் கூடியது. அதன் பெயர் பிறப்பிடச் சான்றிதழ். துறைமுகத்தில் சுருக்கமாக 'சி.ஓ.ஓ.' என்பார்கள்.

"சி.ஓ.ஓ. இருக்கிறது, வரி கிடையாது" என்று ஏஜெண்ட் சொன்னதை மட்டும் நம்பிச் சரக்கை எடுத்தவருக்கு, இரண்டு மூன்று வருடம் கழித்து சுங்கத் துறையின் நோட்டீஸ் வரலாம். அப்போது சரக்கு விற்று முடிந்திருக்கும், லாபமும் செலவாகியிருக்கும். அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இம்மாதப் பாடம். வியாபாரம் செய்யாத குடும்பங்களும் எட்டாவது பகுதியை அவசியம் படிக்க வேண்டுகிறோம்.

1. சலுகை வரி என்றால் என்ன?

வெளிநாட்டுச் சரக்கு நம் துறைமுகத்தில் இறங்கும்போது அடிப்படை சுங்க வரி விதிக்கப்படுகிறது. பொதுவாக எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஒரே விகிதம்தான். ஆனால் இந்தியா சில நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. அந்த நாடுகளின் பொருள்களுக்கு வரி குறைவு, சிலவற்றுக்கு வரியே இல்லை. இதற்குத்தான் சலுகை வரி என்று பெயர்.

நம் வியாபாரிகளுக்கு அதிகம் பயன்படும் ஒப்பந்தங்கள் மூன்று. இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆசியான் நாடுகளுடனான சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் ஆகியவை இதில் அடங்கும். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சலுகை அந்த நாட்டிலிருந்து 'வந்த' பொருளுக்கு அல்ல, அந்த நாட்டில் 'உருவான' பொருளுக்கு. துபாயில் கப்பலேறிய பொருளெல்லாம் துபாய்ப் பொருள் ஆகிவிடாது. கொழும்பில் ஏற்றிய மூட்டையெல்லாம் இலங்கை மூட்டை ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைக் கண்டறியும் முறைக்குத்தான் 'பிறப்பிட விதிகள்' என்று பெயர்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர் பெட்டியில் கொண்டுவரும் சொந்தப் பொருள்களுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதற்குப் பயணிகள் உடைமை விதிகள் தனியே இருக்கின்றன.

2. ஒரு பொருள் எப்போது ஒரு நாட்டின் பொருள் ஆகிறது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, முழுவதும் அந்த நாட்டிலேயே விளைந்தது அல்லது கிடைத்தது. அந்த மண்ணில் விளைந்த மிளகு, மரத்தில் பறித்த பழம், அங்கே பிறந்து வளர்ந்த கால்நடை, அங்கே வெட்டியெடுத்த கனிமம் ஆகியவை இந்த வகை. இதில் கணக்குப் போட வேண்டிய வேலை இல்லை. ஆனால் எங்கே விளைந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

இரண்டாவது வழி, வேறு நாட்டு மூலப்பொருளை வரவழைத்து அந்த நாட்டில் உற்பத்தி செய்தது. இன்றைய தொழிற்சாலைப் பொருள்களில் பெரும்பாலானவை இப்படித்தான். துணி ஓரிடம், நூல் ஓரிடம், பட்டன் ஓரிடம் என்று வரும்போது சட்டை எந்த நாட்டுடையது? இதற்கு ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு சோதனைகளை வைக்கின்றன.

ஒன்று, மதிப்புச் சோதனை. பொருளின் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், குறிப்பிட்ட சதவீதம் அந்த நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதியில் இது குறைந்தது 35%. இலங்கை ஒப்பந்தத்திலும் 35%தான். ஆனால் இலங்கைத் தொழிற்சாலை இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தியிருந்தால், இலங்கையில் சேர்ந்த மதிப்பு 25% இருந்து, இந்தியப் பொருளையும் சேர்த்து மொத்தம் 35% வந்தால் போதும்.

மற்றொன்று, வகை மாற்றச் சோதனை. உலக வாணிபத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். எண் ஒன்று உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் பொது. நம் நாட்டில் அது எட்டு இலக்கமாக விரிகிறது. உள்ளே போன வெளிநாட்டு மூலப்பொருளின் எண்ணும், வெளியே வந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். ஆசியான் பொது விதியில் ஆறு இலக்க அளவில் மாற வேண்டும், இலங்கை ஒப்பந்தத்தில் நான்கு இலக்க அளவில் மாற வேண்டும். எண் மாறினால், உண்மையில் ஒரு பொருள் வேறொரு பொருளாக உருமாறியிருக்கிறது என்று பொருள்.

ஆசியானில் இந்த இரண்டு சோதனைகளிலும் சேர்ந்தே தேற வேண்டும். ஒன்றில் தேறி மற்றொன்றில் தவறினால் சலுகை இல்லை.

3. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஆசியான் நாடு ஒன்றில் தொழிற்சாலை. பாத்திரத்தின் எஃப்.ஓ.பி. விலை ரூ.100. சீனாவிலிருந்து வந்த தகடு ரூ.58, சீனாவிலிருந்து வந்த கைப்பிடி ரூ.4. மொத்த வெளி மூலப்பொருள் ரூ.62. மீதி ரூ.38 அந்த நாட்டின் கூலி, மின்சாரம், உள்ளூர்ப் பொருள், லாபம். 38% என்பது 35%-ஐத் தாண்டிவிட்டது. தகட்டின் எச்.எஸ். எண் 72-ஆம் அத்தியாயத்தில் வரும், பாத்திரத்தின் எண் 73-ஆம் அத்தியாயத்தில் வரும். வகையும் மாறிவிட்டது. எனவே தேறிவிட்டது.

ஆறு மாதம் கழித்து தகட்டின் விலை ரூ.64 ஆகிறது. பாத்திரத்தின் விலை அதே ரூ.100. இப்போது வெளி மூலப்பொருள் 64 + 4 = ரூ.68. உள்நாட்டு மதிப்பு 32%தான். அதே தொழிற்சாலை, அதே பாத்திரம், அதே ஏஜெண்ட், ஆனால் சலுகை இல்லை. போன முறை கிடைத்தது என்பதால் இந்த முறையும் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. எந்த நாட்டுடையது என்று நிரூபிக்க முடியாத மூலப்பொருளும் வெளிநாட்டுப் பொருளாகவே கணக்கில் சேரும். "உள்ளூர் மார்க்கெட்டில் வாங்கினோம்" என்று தொழிற்சாலைக்காரர் சொன்னால் போதாது. உள்ளூர் மார்க்கெட்டில் வாங்கியது உள்ளூரில் செய்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லையே.

அதே சமயம் ஆசியானுக்குள் ஒரு வசதி இருக்கிறது. விதிகளை நிறைவு செய்த தாய்லாந்து மூலப்பொருளை வியட்நாம் தொழிற்சாலை பயன்படுத்தினால், அதையும் சொந்த நாட்டுப் பொருள்போலக் கணக்கில் சேர்க்கலாம். ஒப்பந்த நாடுகள் ஒன்றுக்கொன்று கை கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

4. எது உற்பத்தி ஆகாது?

இந்தப் பகுதியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில வேலைகளை எத்தனை செய்தாலும் பொருளின் பிறப்பிடம் மாறாது என்று ஒப்பந்தங்களே சொல்கின்றன. கழுவுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல், சல்லடையில் சலித்தல், சாதாரணமாக வெட்டுதல், சாதாரணமாகக் கலத்தல், மூட்டை மாற்றுதல், டப்பாவில் அடைத்தல், லேபிள் ஒட்டுதல் ஆகியவை இந்தப் பட்டியலில் வருபவை.

நோன்பு மாதத்தில் நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் பேரீச்சம்பழத்தையே உதாரணமாக எடுப்போம். ஈரானில் விளைந்த பழம் துபாய்க்கு வருகிறது. அங்கே சுத்தம் செய்து, அழகான டப்பாவில் அடைத்து, அரபு எழுத்தில் லேபிள் ஒட்டி அனுப்புகிறார்கள். டப்பா துபாயில் அடைக்கப்பட்டதுதான். ஆனால் பழம் ஈரானியப் பழம்தான். இதை அமீரகப் பொருள் என்று சொல்லிச் சலுகை கோரினால் அது பொய்யான கோரிக்கை. சவூதியிலிருந்து மூட்டையாக வந்து துபாயில் டப்பாவில் அடைக்கப்பட்ட பழத்துக்கும் இதே பதில்தான்.

பாத்திரமும் அப்படித்தான். முழுப் பாத்திரமாகச் சீனாவிலிருந்து வந்து, வேறொரு நாட்டில் பாலிஷ் போட்டு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டால் அது சீனப் பாத்திரமே. விலை எவ்வளவு கூடியிருந்தாலும் எச்.எஸ். எண் மாறவில்லை.

5. சரக்கு வந்த வழி, பில் வந்த வழி

பொருள் தேறினால் மட்டும் போதாது, அது வந்த வழியும் தேற வேண்டும். ஒப்பந்த நாட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

நடைமுறையில் எல்லாக் கப்பலும் நேராக வருவதில்லை. தூத்துக்குடிக்கு வரும் கண்டெய்னர்கள் பல கொழும்பில் கப்பல் மாறித்தான் வருகின்றன. இதில் தவறில்லை. இடையில் உள்ள நாட்டில் அந்தச் சரக்கு விற்பனைக்கோ பயன்பாட்டுக்கோ போகக் கூடாது. இறக்குவது, ஏற்றுவது, கெடாமல் பாதுகாப்பது தவிர வேறு வேலை அதில் நடந்திருக்கக் கூடாது. புறப்பட்ட துறைமுகத்திலிருந்து நம் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங் இருந்தால் இதை நிரூபிப்பது எளிது. நடுவில் புதிய பில் போட்டு, கண்டெய்னரைத் திறந்து மாற்றி அடைத்திருந்தால் சலுகை கைவிட்டுப் போகும்.

அடுத்தது இன்வாய்ஸ். சரக்கு வியட்நாமிலிருந்து வரும், இன்வாய்ஸ் துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள வியாபாரியிடமிருந்து வரும். இதை மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்பார்கள். ஆசியான் ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறது, ஆனால் சான்றிதழில் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 35% கணக்கும் சிங்கப்பூர்க்காரர் தன் லாபத்தைச் சேர்த்துப் போட்ட விலையில் அல்ல, வியட்நாமிலிருந்து ஏற்றுமதியான விலையில்தான் பார்க்கப்படும்.

6. ஏன் இவ்வளவு கெடுபிடி?

"அரசாங்கத்துக்குப் போகும் வரிதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்பதுண்டு. நஷ்டம் யாருக்கு என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறோம்.

இலங்கை ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளில் அங்கே வனஸ்பதித் தொழிற்சாலைகள் கிளம்பின. இலங்கை பெருமளவில் பாமாயில் உற்பத்தி செய்யும் நாடல்ல. மலேசியா, இந்தோனேசியா பக்கமிருந்து பாமாயிலைக் குறைந்த வரியில் வரவழைத்து, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியத் தொழிற்சாலைகளோ அதே பாமாயிலுக்கு அதிக வரி கட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பு வலுத்து, வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று வரம்பு வைக்கப்பட்டது. விதியின் எழுத்துக்குள் நின்றுகொண்டே அதன் நோக்கத்தைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

மிளகின் கதை இன்னும் நமக்கு நெருக்கம். இந்தியாவில் மிளகுக்குப் பொதுவான இறக்குமதி வரி 70%. ஆசியான் மிளகுக்கும் கணிசமான வரி இருந்தது. இலங்கை மிளகுக்கோ ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது ஆசை வரும். வியட்நாம் மிளகு இலங்கைக்குப் போய், இலங்கை மிளகு என்ற பெயரில் இந்தியாவுக்கு வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்கு கிலோ ரூ.500 என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

ஒரு பொய்ச் சான்றிதழால் நஷ்டப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். நம் மலைத்தோட்டத்தில் கொடியேற்றி மிளகு பறிக்கும் கூலிக்குடும்பம் நஷ்டப்படுகிறது. மாத்தளையிலும் கண்டியிலும் உண்மையாகவே மிளகு விளைவித்து, தன் சரக்கும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் இலங்கை விவசாயி நஷ்டப்படுகிறார். ஒழுங்காக வரி கட்டிச் சரக்கு எடுத்து, அந்த விலைக்கு விற்க முடியாமல் கடையை மூடும் வியாபாரியும் நஷ்டப்படுகிறார். அளவையில் குறை வைப்பது எப்படித் தவறோ, பொருளின் ஊரை மாற்றிச் சொல்வதும் அப்படித்தான். தராசு ஒன்றுதான் வேறு.

7. 2020-க்குப் பிறகு பொறுப்பு யார் மேல்?

முன்பெல்லாம் ஏற்றுமதி நாட்டின் அதிகாரி சான்றிதழ் கொடுத்தால், இங்கே அதை நீட்டினால் போதும் என்ற எண்ணம் இருந்தது. 2020-இல் நிலைமை மாறியது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 28டி.ஏ. என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் கீழ் வந்த விதிகளை வியாபாரிகள் 'கரோட்டார்' என்று அழைக்கிறார்கள். அவை 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன.

அவற்றின் சாரம் இதுதான்:

• பில் ஆஃப் என்ட்ரியில் சலுகை கோரும்போது, பொருள் விதிப்படி தகுதியுடையது என்று இறக்குமதியாளரே உறுதிமொழி தர வேண்டும். சான்றிதழ் எண், தேதி, எந்த அளவுகோலில் தேறியது, மூன்றாம் நாட்டு இன்வாய்ஸா, நேராக வந்ததா என்ற விவரங்களையும் தர வேண்டும்.

• பொருள் எப்படித் தேறியது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். இதற்கென்று 'படிவம் 1' உண்டு. உற்பத்தி முறை, மூலப்பொருள், மதிப்புக் கணக்கு எல்லாம் அதில் வரும். இதைச் சரக்கு எடுக்கும் முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

• அந்த ஆவணங்களை பில் ஆஃப் என்ட்ரி தேதியிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

• அதிகாரி கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் ஏற்றுமதி நாட்டுக்கே எழுதிச் சரிபார்ப்பார்கள். அதுவரை சலுகை நிறுத்தி வைக்கப்படலாம். வரி வித்தியாசத்துக்குப் பிணை கொடுத்துத்தான் சரக்கை எடுக்க முடியும்.

• சான்றிதழைக் கொடுத்துவிட்டதால் மட்டும் இறக்குமதியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. இதைச் சட்டமே சொல்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் முழுப் பாடத்தின் மையம். சான்றிதழ் உண்மையான சான்றிதழாகவே இருக்கலாம். முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் விவரம் தவறென்றால் கேள்வி நம்மிடம்தான் வரும்.

தவறு நிரூபணமானால் என்ன ஆகும்? ஒரு கணக்கு. சரக்கின் மதிப்பு ரூ.20,00,000. வரி 20% என்று கணக்குக்காக வைப்போம். அடிப்படை வரி ரூ.4,00,000. அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10%, அதாவது ரூ.40,000. சலுகையால் மிச்சமானது ரூ.4,40,000. ஐ.ஜி.எஸ்.டி.யை இதில் சேர்க்கவில்லை, அது சலுகை இருந்தாலும் கட்ட வேண்டியதே. வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் 5 ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால்:

வரி – ரூ.4,40,000
ஆண்டுக்கு 15% வட்டி, 3 ஆண்டுக்கு – ரூ.1,98,000
வரிக்குச் சமமான அபராதம் – ரூ.4,40,000
மொத்தம் – ரூ.10,78,000

மிச்சப்படுத்தியதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. சரக்கு பறிமுதலுக்கு உள்ளாகலாம், பெரிய மோசடியில் வழக்கும் கைதும் வரலாம். அதே உற்பத்தியாளரின் அதே பொருளுக்கு மற்றவர்கள் கோரும் சலுகையும் மறுக்கப்படலாம்.

தவறு நமக்கே தெரியவந்தால் மறைத்து வைக்காதீர்கள். மோசடி நோக்கம் இல்லாத வழக்குகளில், நோட்டீஸ் வருவதற்கு முன் வரியையும் வட்டியையும் தாமாகக் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

8. பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்

இறக்குமதி செய்ய ஐ.ஈ.சி. எண் வேண்டும். அதை எடுப்பது எளிது, செலவும் குறைவு. அதனால் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஏற்கனவே பிரச்சினையில் மாட்டியவர், அல்லது தன் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர், இன்னொருவர் பெயரில் ஐ.ஈ.சி. எடுத்துச் சரக்கு வரவழைப்பார். "உங்கள் ஆதார், பான் கார்டு மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்பார். கேட்பவர் பெரும்பாலும் அந்நியரல்ல. சாச்சாவாக இருக்கும், மச்சானாக இருக்கும், முன்பு உதவி செய்த முதலாளியாக இருக்கும். கொடுப்பவர் வேலை தேடும் இளைஞராகவோ, கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணாகவோ, குடும்பம் நடத்தத் திணறும் விதவையாகவோ இருப்பார்.

நோட்டீஸ் வரும்போது அது ஐ.ஈ.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு வரும். உண்மையான முதலாளியையும் சட்டம் இறக்குமதியாளராகவே பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் அவர்தான் முதலாளி என்று யார் நிரூபிப்பது? கையெழுத்து உங்களுடையது, வங்கிக் கணக்கு உங்களுடையது. ஏஜெண்ட் உங்கள் பெயரில் செய்ததும் உங்களுக்குத் தெரிந்து செய்ததாகவே முதலில் கொள்ளப்படும். தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

ஆகவே உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் மறுக்க ஒரு வழி சொல்கிறோம். "காகா, உங்களோடு சேர்ந்து தொழில் செய்ய எனக்கும் ஆசைதான். சரக்கு என்ன, எங்கிருந்து வருகிறது, வரிக் கணக்கு என்ன என்று எல்லாத் தாளும் என் கையில் இருக்கட்டும். கணக்கும் நானே பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாதவரிடமிருந்து நீங்கள் தப்பித்தீர்கள்.

ஏற்கனவே பெயர் கொடுத்தவர்கள் பயந்து மறைந்துகொள்ள வேண்டாம். இதுவரை வந்த பில் ஆஃப் என்ட்ரி நகல்கள், வங்கி விவரம், பேசிய செய்திகள் அனைத்தையும் எடுத்து வைத்து, சுங்க வழக்கு தெரிந்த வழக்கறிஞரை உடனே பாருங்கள். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்லாமல் விடாதீர்கள். பதில் சொல்லாததே பல வழக்குகளைப் பெரிதாக்கிவிடுகிறது.

9. ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் பொருளின் எட்டு இலக்க எச்.எஸ். எண் என்ன? அது சலுகைப் பட்டியலில் இருக்கிறதா? வரம்பு ஏதும் உண்டா?

2. எந்த ஒப்பந்தத்தின் கீழ், எந்த அளவுகோலில் தேறுகிறது? முழுவதும் விளைந்ததா, உற்பத்தி செய்ததா?

3. உற்பத்தி என்றால் தொழிற்சாலை எங்கே? மூலப்பொருள் எந்தெந்த நாடு? மதிப்புக் கணக்கு எழுத்தில் தருவார்களா?

4. சான்றிதழ் கொடுப்பது யார்? இலங்கையில் வணிகத் திணைக்களம், மலேசியாவில் முதலீடு, வர்த்தக, தொழில் அமைச்சு என்று ஒவ்வொரு நாட்டிலும் அதிகாரம் பெற்ற அமைப்பு உண்டு. சாதாரண வணிகச் சங்கம் தரும் பொதுச் சான்றிதழ் சலுகைக்குச் செல்லாது.

5. சான்றிதழில் உள்ள விவரம், எடை, எச்.எஸ். எண், இன்வாய்ஸ் எண் எல்லாம் மற்றத் தாள்களோடு ஒத்துப்போகிறதா? அடித்தல் திருத்தல் இருக்கிறதா?

6. கப்பல் எந்த வழியாக வரும்? பில் ஆஃப் லேடிங் ஒன்றா, இரண்டா?

7. சலுகை கிடைக்காமல் முழு வரி கட்ட நேர்ந்தாலும் இந்தச் சரக்கில் எனக்கு நஷ்டம் வராமல் இருக்குமா?

ஏழாவது கேள்விதான் முக்கியம். சலுகை இருந்தால்தான் லாபம் என்ற சரக்கில், வீட்டு நகையை அடகு வைத்து இறங்காதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் சலுகை கோராமல் முழு வரி கட்டி எடுப்பதற்கும் வழி இருக்கிறது. லாபம் குறையும், தூக்கம் குறையாது.

சுங்க வரிச் சலுகை என்பது வரிக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு அனுமதி, தரக் கட்டுப்பாடு உள்ள பொருளுக்கு பி.ஐ.எஸ். முத்திரை போன்றவை சலுகை இருந்தாலும் வேண்டும்.

10. பயிற்சி: வீட்டில் சேர்ந்து செய்து பாருங்கள்

கேள்வி 1: மடகாஸ்கரில் விளைந்த கிராம்பு கொழும்புக்கு வருகிறது. அங்கே காய வைத்து, தரம் பிரித்து, புதிய சாக்கில் அடைத்து அனுப்புகிறார்கள். இலங்கைச் சலுகை உண்டா?
விடை: இல்லை. காயவைப்பதும் தரம் பிரிப்பதும் பிறப்பிடத்தை மாற்றாது.

கேள்வி 2: வியட்நாமில் ஏற்றிய கண்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறி தூத்துக்குடி வருகிறது. ஒரே பில் ஆஃப் லேடிங். கண்டெய்னர் திறக்கப்படவில்லை. ஆசியான் சலுகை பாதிக்கப்படுமா?
விடை: அந்தக் காரணத்தால் பாதிக்கப்படாது.

கேள்வி 3: வியட்நாம் மின்விசிறி ஒன்றின் எஃப்.ஓ.பி. விலை ரூ.2,500. சீன உதிரிபாகம் ரூ.1,500. எங்கே செய்தது என்று தெரியாத உதிரிபாகம் ரூ.200. வகை மாற்றச் சோதனையில் தேறிவிட்டது. மதிப்புச் சோதனையில் தேறுமா?
விடை: தேறாது. 1,500 + 200 = ரூ.1,700. இது 68%. வெளிப்பொருள் 65%-ஐத் தாண்டக் கூடாது. அந்த ரூ.200 உதிரிபாகம் விதிப்படி தாய்லாந்துப் பொருள்தான் என்று ஆவணத்தோடு நிரூபித்தால் வெளிப்பொருள் ரூ.1,500, அதாவது 60%. அப்போது தேறும். ஒரு சின்ன உதிரிபாகத்தின் தாள் முழுச் சரக்கின் வரியையும் தீர்மானிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி 4: விற்பவர், "விலை விவரம் எங்கள் தொழில் ரகசியம், சான்றிதழ் மட்டும்தான் தருவோம்" என்கிறார். என்ன செய்வது?
விடை: ஒவ்வொரு பொருளின் கொள்முதல் விலையையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த அளவுகோலில் தேறியது, உற்பத்தி முறை என்ன, மதிப்பு எத்தனை சதவீதம், அது எதனால் ஆனது என்பதையாவது எழுத்தில் தர வேண்டும். அதுவும் தராதவரிடம் வாங்குவதானால் முழு வரிக் கணக்கில் வாங்குங்கள்.

கேள்வி 5: உங்கள் மகளின் பெயரில் ஐ.ஈ.சி. எடுக்க உறவினர் கையெழுத்துக் கேட்கிறார். முதலில் என்ன கேட்பீர்கள்?
விடை: இதை உங்கள் வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். எட்டாவது பகுதியை மகளையே படிக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் வரி விகிதமும் அடிக்கடி மாறுபவை. இந்தப் பாடம் அடிப்படையைப் புரிந்துகொள்ள மட்டுமே. ஒவ்வொரு சரக்குக்கும் அன்றைய அறிவிப்பைப் பார்த்து, உரிமம் பெற்ற சுங்கத் தரகரிடம் எழுத்தில் கேட்டு இறங்குங்கள். இம்மடலைப் படித்து முடித்ததும், தொழில் தொடங்க நினைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள்.